டிரான்ஸ்ஃபரில் முப்பது வருஷ அனுபவம்

அவன் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது, மாமனார் வெளியே போகும் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய தோல் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பையை எடுத்தால் யாரிடமோ மனு கொடுக்கக் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஏஜென்ட் போன் செய்திருந்தார். முதல் டிவிஷன் கால்பந்து கிளப் ஒன்று அவனைக் கேட்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னான். மனைவியும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

"டிரான்ஸ்ஃபராமே மாப்பிள்ளை?" என்றார் மாமனார். "பதறாதீங்க. இதுல எனக்கு இருக்கிற அனுபவம் வேற யாருக்கும் கிடையாது."

அது உண்மைதான், அதுதான் பயமே. மாமனார் அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் ஊர் ஊராய்ப் பந்தாடப்பட்டபோது அவரை மட்டும் எந்த அதிகாரியாலும் அசைக்க முடியவில்லை என்பது இந்தக் குடும்பத்தின் பெருமை. கல்யாணம் பேச வந்தபோதே இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

அவனுக்கு இந்தப் பெருமை வேண்டாம். பந்தைக் கோலுக்குள் தள்ளுவது அவன் உத்தியோகம். இந்த சீசனில் அந்த உத்தியோகத்தை அவன் அதிகம் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயதாகிறது. சேர்ந்த நாளிலிருந்து இதே இரண்டாம் டிவிஷன் கிளப், இதே ஒழுகும் ஷவர், மழை பெய்தால் குளமாகும் இதே மைதானம். இந்த வயதில் ஒரு ஃபார்வர்டை மேலே இருந்து கேட்கிறார்கள் என்றால் அது ஒரு முறைதான் நடக்கும். இதை விட்டால் பள்ளிக்கூடத்தில் பீட்டி வாத்தியார்தான்.

துண்டோடே நின்று விளக்கினான். இது ஆபீஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரி இல்லை, தண்டனை இல்லை, புரொமோஷன் மாதிரி, அவர்களே காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றான்.

மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் தலையாட்டல் அது. கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமே தவிர, ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

"தயவுசெஞ்சு நீங்க இதுல தலையிடாதீங்க மாமா."

"யாராவது தலையிடலைன்னா இதெல்லாம் நடக்காது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, அடுத்த துணியை எடுத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. முப்பது வருஷம் அவர் பேசியதில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் பயிற்சியின்போது கோச் கூப்பிட்டார். "முட்டி எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"உங்க மாமனார் டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்துட்டுப் போயிருக்காரே. இந்த ஊர் ஈரம் உன் முட்டிக்கு ஆகாதாமே. நான் மறைக்க முடியுமா? அந்தக் கிளப்புக்கும் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து கத்தினான். மாமனாருக்குக் கோபமே வரவில்லை. டாக்டர் தனக்குத் தெரிந்தவர், நேரில் பார்க்காமலேயே எழுதிக்கொடுத்தார், அந்த உதவியை மாப்பிள்ளை மதிக்க வேண்டும் என்றார். உடம்பைக் காரணம் காட்டி மெடிக்கல் கிரவுண்டில் மனு போட்டால் யாரும் கை வைக்க முடியாதாம்.

அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. புதன்கிழமை ஆட்டத்தைப் பார்க்க அந்தக் கிளப்பிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். முட்டி கல்லு மாதிரி இருக்கிறது என்று அவர்கள் கண்ணெதிரிலேயே காட்டிவிட வேண்டும்.

காட்டினான். தேவையில்லாத இடத்திலெல்லாம் குதித்தான். பந்து ஒரு மூலையில் இருக்க, இவன் இன்னொரு மூலையில் ஓடினான். எதிரணி வீரன் விழுந்தால் இவன் முட்டி போட்டு எழுப்பிவிட்டான். கடைசியில் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, கோல் வாசல் திறந்த வீடாய்க் கிடந்தது. இடது காலால் லேசாகத் தட்டினால் போதும். ஆனால் சர்டிஃபிகேட்டில் இருந்தது வலது முட்டி. ஆகவே வலது காலுக்கு மாற்றி, முழு பலத்தையும் திரட்டி ஓங்கி உதைத்தான். பந்து கோலுக்கு மேலே போய், கேலரிக்கும் மேலே போய், வெளியே நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கண்ணாடியில் இறங்கியது. ஆட்டம் பார்க்க வந்த இருவரில் ஒருவருடைய கார்.

அன்று அவன் மாமனாரிடம் கெஞ்சினான். நேராகக் கோச்சிடம் போய், முட்டியில் ஒன்றுமில்லை, தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். வேறு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

மாமனார் போனார். சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

"முட்டியை வாபஸ் வாங்கியாச்சு மாப்பிள்ளை."

"ரொம்ப நன்றி மாமா."

"அதுக்குப் பதிலா குடும்ப நிலைமைன்னு போட்டிருக்கேன். வயசான மாமனார் மாமியார், அடிக்கடி உடம்புக்கு முடியாம போகுது, பார்த்துக்க வேற ஆளில்லைன்னு. எனக்கு இதயம் பலவீனம்னும் சேர்த்துட்டேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏஜென்டுக்குப் போன் போட்டான். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. மாமனாரைப் பிரிந்து வராதவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று அந்தக் கிளப்பில் கேட்கிறார்களாம். எப்படியோ பேசிச் சமாளித்து வைத்திருப்பதாகவும், இனி அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ கூட வெளியே பறக்கக் கூடாது என்றும் ஏஜென்ட் சொன்னார்.

ஆகவே மாமனாரின் செருப்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினான். தோல் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். வெள்ளிக்கிழமை வரை அப்பா வாசல்படி தாண்டக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனான். மனைவி சொன்ன சொல் தவறவில்லை. மாமனார் வாசல்படியைத் தாண்டவேயில்லை. ஹாலில் சாய்ந்து உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏஜென்ட் குரல் செத்துப்போயிருந்தது. "யாரோ ரிட்டயர்டு பெரிய அதிகாரியாம், அந்தக் கிளப் தலைவருக்கே போன் போட்டு உன்னைப் பத்திப் பேசியிருக்கார். அங்கே கோச்சுக்கு அது பிடிக்கலை. ஆட்டத்துல வெளி ஆள் மூக்கை நுழைச்சா எனக்கு அந்த ஆட்டக்காரனே வேண்டாம்னுட்டார். வேற ஒரு பையனை எடுத்துட்டாங்க. முடிஞ்சு போச்சு."

அவன் போனைச் சோபாவில் எறிந்தான். மாமனார் அப்போதுதான் செய்தித்தாளை மடித்துவிட்டு, காரியம் என்னாச்சு என்பதுபோல் ஆவலோடு நிமிர்ந்தார்.

இத்தனை நாள் அடக்கியதெல்லாம் கொட்டிவிட்டது. மரியாதை பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஓடி ஓடி, விழுந்து எழுந்து, தையல் போட்டுக்கொண்டு விளையாடியதெல்லாம் இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் என்றான். அதில் இப்படி மண்ணள்ளிப் போட்டுவிட்டீர்களே என்றான்.

"உங்களை மாதிரியே நானும் ஒரே இடத்துல உட்கார்ந்து கிழவனாகணும், அதுதானே உங்க ஆசை?"

மாமனார் முகம் சுருங்கிப்போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பால்கனிக்குப் போய் அவர்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். அவர் பேசாமல் போவதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மனைவி அழுவதா சண்டை போடுவதா என்று தெரியாமல் நின்றாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மாமியார் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்தாள். பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவர் தடுக்கப் போகலை மாப்பிள்ளை, உங்களுக்கு எப்படியாவது வாங்கிக் குடுக்கத்தான் போனார், அந்த நாற்காலியை விட்டு வேற ஊருக்குப் போயிடணும்னு முப்பது வருஷமா அவரும் சர்டிஃபிகேட், குடும்ப நிலைமை, சிபாரிசுன்னு இதே மூணையும்தான் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார்."