பதினேழு மாசிலாமணிகளும் ஒரு சோப்புக் குச்சியும்

ஒரு காட்டில் எல்லோருக்கும் முகம் இருந்தது. ஆனால் ஒருவருடைய முகமும் பதிவாகியிருக்கவில்லை. அதுவரை அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, மருத மரத்தடியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டிக்கு ஒரு கண்ணாடிக் கண்ணும் இனிமையான ஒரு பெண் குரலும் இருந்தன. பக்கத்தில் எழுத்தராகக் கொக்கு நியமிக்கப்பட்டார். கொக்கு சார் எப்போதும் ஒற்றைக்காலில்தான் நிற்பார். இரண்டு காலையும் ஊன்றிவிட்டால் வேலை பார்ப்பதாக ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

அறிவிப்பு இதுதான்: குகையோ, பொந்தோ, வளையோ, எதில் குடியிருந்தாலும் குடும்பத் தலைவர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து முகத்தைப் பதிய வேண்டும். மனைவி மக்களுக்கு ஒரு சீட்டு போதும். தலைவர் பதியத் தவறினால் இருப்பிடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

பன்னிரண்டாம் எண் குகையில் மாசிலாமணி என்ற கரடி குடியிருந்தார். அவர் மனைவி செண்பகத்துக்கு இரட்டைக் குட்டிகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் குகைக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் ஒரு சிறுத்தையுடையது. தனிக்கட்டை. குழந்தைகள் என்றால் தனக்கு ரொம்பப் பிரியம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிப்பட்ட பிரியம் என்று மட்டும் சொல்லவில்லை.

மாசிலாமணி திங்கட்கிழமையே போய் பெட்டியின் முன்னால் நின்றார்.

"முகம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்" என்றது பெட்டி.

செவ்வாய்க்கிழமை தலையை வாரிக்கொண்டு போனார். அதே பதில். புதன்கிழமை பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சொன்னது: "இது புதர். நன்றி."

"சார், நான் புதர் இல்ல" என்றார் கரடி.

"அதை நான் சொல்ல முடியாது. மெஷின் சொல்லணும்" என்றார் கொக்கு.

"மூணு நாளா உங்களோட பேசிக்கிட்டிருக்கேன். புதர் பேசுமா சார்?"

கொக்கு காலை மாற்றிக்கொண்டார். "பேசுற புதரைப் பத்தி சுற்றறிக்கை எதுவும் வரல. ஆனா விதி தெளிவா இருக்கு. இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் முகம் தெரியணும். போய் மழிச்சிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், டோக்கன் நாப்பத்தேழு."

கரடி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். செண்பகம் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, கல்யாணம் ஆகி இத்தனை நாள்ல நானே உங்க தாடையைப் பார்த்ததில்ல. உள்ள என்ன இருக்கோ?"

"தாடைதான் இருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

மாசிலாமணிக்கு நிச்சயமாகத் தெரியாது.

காட்டில் சவரக்கடை ஒன்றுதான். உடும்பு பூதலிங்கம் நடத்தியது. அவர் உடம்பில் ஒரு முடிகூடக் கிடையாது. அதனால் அடுத்தவர் முடிமேல் விருப்பு வெறுப்பு இல்லாமல் தொழில் செய்ய முடிந்தது. கடைக்கு ஒரு உடைந்த கண்ணாடி, ஒரு கத்தி, ஒரு சாணைக்கல், ஒரு பிரஷ். பிரஷ் என்பது பொன்னுத்தாயி என்ற மலையணிலின் வால். அவள் வாடிக்கையாளரின் தோளில் உட்கார்ந்து வாலால் நுரை கிளப்புவாள். வாய் சும்மாதானே இருக்கிறது என்று அதற்கும் வேலை கொடுப்பாள்.

சோப்பு விஷயத்தில் மட்டும் பூதலிங்கத்துக்குப் பிடிவாதம். இரண்டு நெல்லிக்காய்க்கு ஒன்று கிடைக்கும் சோப்புக் குச்சியைத் தவிர வேறு எதையும் கடைக்குள் விடமாட்டார். கட்டைவிரல் தடிமன், மேலே வெள்ளிக் காகிதம். ஈர முகத்தில் நேராகத் தேய்க்க வேண்டியதுதான். சலவைக்கும் சாமிக்கும் நடுவில் ஒரு வாசனை வரும்.

"ட்யூபுன்னா பிதுக்கணும், டப்பான்னா குலுக்கணும். அதெல்லாம் பொறுமை இல்லாதவன் பண்ணுத வேலை. குச்சின்னா தேச்சாப் போதும் வே" என்பார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாசிலாமணி போய் உட்கார்ந்தார். பூதலிங்கம் அவரைச் சுற்றி ஒரு முறை நடந்துவந்தார்.

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியலியே. சரி, மூக்குலேர்ந்து ஆரம்பிப்போம்."

முதலில் தண்ணீர். பிறகு குச்சி. பிறகு வால். கொஞ்ச நேரம் ஊற விடுவது. மறுபடி தண்ணீர், குச்சி, வால். அவருடைய வழக்கம் மூன்று சுற்று. கரடிக்கு ஐந்து சுற்று என்று தீர்ப்பளித்தார்.

"அண்ணாச்சி, மணி நாலாச்சு" என்றார் கரடி.

"ஊறாத முடியில கத்தி வெச்சா அது சவரம் இல்ல வே, சண்டை."

"பேசாதீங்கண்ணே, நுரை வாய்க்குள்ள போகுது" என்றாள் பொன்னுத்தாயி. "அப்புறம், கேட்டீங்களா, வரையாடு வீட்டுல..."

வரையாடு வீட்டுக் கதை முடிந்தபோது புதுக் குச்சியில் பாதி கரைந்திருந்தது. கரடியின் முகம் கண்ணும் மூக்கும் தவிர வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. பூதலிங்கம் திருப்தியோடு கத்தியைச் சாணைக்கல்லில் வைத்து இழுத்தார். சரியாக அப்போது மருத மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"நாப்பத்தேழு! ஒரு தரம்!"

கரடி எழுந்துவிட்டார்.

"வே, உக்காரும்! ஒரு கன்னமாவது முடிச்சிடுதேன்!"

"ஒரு கன்னத்தோட போனா பாதிக் குகைதான் குடுப்பாங்க" என்றாள் பொன்னுத்தாயி.

"நாப்பத்தேழு! ரெண்டு தரம்!"

கரடி நுரை முகத்தோடு ஓடினார். பெட்டியின் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றார். பெட்டியின் கண்ணாடிக் கண் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"முகம் கிடைத்தது. வணக்கம், மாசிலாமணி. குகை எண் பன்னிரண்டு."

அட்டை வெளியே வந்தது. நிறம் என்ற இடத்தில் 'வெள்ளை' என்று இருந்தது.

"சார், இது சோப்பு" என்றார் கரடி. அவர் நேர்மையானவர்.

"மெஷினுக்குத் திருப்தி. அதனால எனக்குத் திருப்தி. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று சொல்லிவிட்டுக் கொக்கு முத்திரை குத்தினார்.

ஐந்தேகால் மணிக்குக் கடைசித் தேதி இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஓடையில் முகம் கழுவிவிட்டு வீடு திரும்பிய மாசிலாமணியைக் குகை வாசலில் புதிதாகப் பொருத்தியிருந்த சின்னப் பெட்டி தடுத்தது. அவர் போய் ஒரு சோப்புக் குச்சி வாங்கி, வாசலில் நின்று தேய்த்து, நுரை கிளம்பிய பிறகுதான் உள்ளே விட்டது. அன்றிலிருந்து அப்படியே வழக்கமாகிவிட்டது. வெளியே போகும்போது குச்சியைக் காதில் செருகிக்கொள்வார். வீடு நெருங்கும்போது ஈரக் கையால் தேய்த்துக்கொள்வார். செண்பகமும் பழகிவிட்டாள். வாசனை வந்தால் புருஷன் வருகிறார் என்று அர்த்தம்.

பூதலிங்கம்தான் மனம் உடைந்துபோனார். "சோப்பு போட்டுட்டுச் சவரம் பண்ணாமப் போறது, இலையைப் போட்டுட்டுச் சோறு வைக்காம எழுப்பி விடுத மாதிரி இருக்கு வே" என்றார்.

ஆனால் பொன்னுத்தாயி செய்தியைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்: மழிக்கவே வேண்டாம், நுரை இருந்தால் போதும். பெட்டி 'புதர்' என்று திருப்பி அனுப்பிய அத்தனை பேரும் குச்சி வாங்கினார்கள். காட்டுப்பன்றி மூக்கு நுனி வரை தேய்த்துக்கொண்டு போனார். பெட்டி அன்போடு வரவேற்றது.

"வணக்கம், மாசிலாமணி. குகை எண் பன்னிரண்டு."

"நான் மாசிலாமணி இல்லியே" என்றார் பன்றி.

"நீங்க சொன்னா ஆச்சா?" என்று கொக்கு முத்திரை குத்தினார். "அடுத்து!"

சனிக்கிழமை மத்தியானம் பன்றி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பன்னிரண்டாம் எண் குகைக்கு வந்துவிட்டார். வாசல் பெட்டி வணக்கம் சொல்லி உள்ளே விட்டது. "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. அட்டையில இதுதான் வீடுன்னு போட்டிருக்கு" என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு ஒரு மூலையில் படுத்தார். பிறகு சிங்கவால் குரங்குகள், அண்ணன் தம்பி நாலு பேர், நாலு பேரும் மாசிலாமணி. பிறகு முள்ளம்பன்றி. அவர் பக்கத்தில் யாரும் படுக்க முன்வராததால் இருந்ததிலேயே பெரிய இடம் அவருக்குக் கிடைத்தது. வரையாடு வந்தார். வரையாட்டின் மைத்துனர் வந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் பதினாறு மாசிலாமணிகள் ஆகிவிட்டார்கள். எல்லா மாசிலாமணிகளும் குட்டிகளைக் கொஞ்சினார்கள். எல்லோரிடமும் ஒரே வாசனை. குட்டிகள் குழம்பிப்போய் எல்லோரையும் அப்பா என்றன.

புதன்கிழமை காலை பதினேழாவது மாசிலாமணி வந்தார். முகமெல்லாம் நுரை. கழுத்துக்குக் கீழே மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள்.

"காத்திருந்து அலுத்துப்போச்சுங்க" என்றார் அவர், மரியாதையாக. பிறகு குட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

செண்பகம் மாசிலாமணியைத் தனியே இழுத்தாள். "ஏங்க, அந்தக் கடைசி மாசிலாமணி குழந்தைங்களையே பார்த்துக்கிட்டிருக்காரு. நாக்கால நுரையைத் துடைச்சுக்கிறாரு. இன்னைக்கே ஏதாவது பண்ணுங்க."

கரடி மருத மரத்தடிக்கு ஓடினார்.

"புகார் யார் மேல?" என்றார் கொக்கு.

"மாசிலாமணி மேல சார்."

"குடுக்குறவர் பேர்?"

"மாசிலாமணி."

"தன் மேலயே புகார் குடுக்கப் படிவம் கிடையாது."

"சார், நான்தான் அசல்!"

"காலையிலேர்ந்து மூணு பேர் அதைச் சொல்லிட்டாங்க."

மாசிலாமணி அங்கேயே நின்று யோசித்தார். நுரையை யார் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். தன் தாடை தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் உண்மை விளங்கிவிடாதா? நேராகச் சவரக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை முழுசா."

பூதலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டார். புதுக் குச்சியின் காகிதத்தைப் பிரித்தார். ஐந்து சுற்று போட்டார். பிறகு கத்தியை எடுத்தார். பழங்காலத்துத் தேனடை, இரண்டு முள், ஒரு வண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வண்டு நன்றி சொல்லிவிட்டுப் பறந்துபோனது. கடைசியில் முகம் வந்தது. சின்னத் தாடை. வெளிறிய கன்னம். தொங்கும் உதடு.

பொன்னுத்தாயி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

மாசிலாமணி எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். "மன்னிக்கணும்" என்று சொல்லி வழிவிட்டு ஒதுங்கினார். அதிலிருந்தவரும் ஒதுங்கியதும்தான் அது தான் என்று புரிந்தது.

பெட்டியின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். இனி உண்மை வெல்லும்.

"முகம் கிடைத்தது" என்றது பெட்டி. "இந்தக் காட்டில் இதுவரை இல்லாத முகம். நல்வரவு!"

கொக்கு சார் இரண்டு காலையும் ஊன்றினார்.

"வெளியூரா சார்? வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க, இப்படி நிழலுக்கு வாங்க. நுங்கு சாப்பிடுறீங்களா? தங்க இடம் பார்த்தாச்சா? தேன்பாறைக்கு மேல குகை ஒண்ணு இருக்கு. ரெண்டு அறை, நல்ல காத்து, ஏறுறதுக்கு ஒரே வழி. பதிவு பண்ணிடட்டுமா?"

"காத்திருப்போர் பட்டியல்..."

"அதெல்லாம் உள்ளூர்க்காரங்களுக்கு சார்."

நான் மாசிலாமணி என்று சொல்லக் கரடி வாயைத் திறந்தார். குட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த நுரை முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"பேர் சொல்லுங்க சார்."

"எந்த மாதிரிப் பேரா இருந்தா சீக்கிரம் நடக்கும்?"

"எனக்கு வாயில நுழையாத பேரா இருந்தா உடனே நடக்கும்."

மாசிலாமணி அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமினார். "ஆகா, என்ன கம்பீரமான பேர்!" என்று கொக்கு அப்படியே எழுதிக்கொண்டார். அட்டை சூடாக வந்தது.

பன்னிரண்டாம் எண் குகை வாசலில் செண்பகம் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நின்றிருந்தாள். யாரோ மொட்டை முகத்துக்காரர் வருவதைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"தாடைதான் இருந்துச்சு செண்பகம்" என்றார் அவர் மெதுவாக.

அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "இதுக்கா இத்தனை நாள் மூடி வெச்சிருந்தீங்க?" என்று சிரித்தாள். "சரி, நடங்க."

உள்ளேயிருந்து பதினாறு மாசிலாமணிகளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டப்பகல்ல பார்த்தீங்களா? மாசிலாமணி பொண்டாட்டி எவனோ வெளியூர்க்காரனோட போறா!" என்றார் பன்றி.

"பாவம், மாசிலாமணி" என்றார் வரையாடு.

"யோவ், மாசிலாமணி நாமதானே!" என்றார் மூத்த குரங்கு.

எல்லோரும் அவரவர் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு குரங்குகள் நாலும் ஒப்பாரி வைத்தன. சிறுத்தை எழுந்து அவர்கள் பின்னாலேயே ஓடப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. போறவ போகட்டும். நமக்கு மானம் பெருசு" என்று முள்ளம்பன்றி அவரை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் விட்டதும் மைத்துனர் வரையாடு கட்டிக்கொண்டார். ஆறுதல் முடியும் வரை சிறுத்தையால் அங்கிருந்து நகர முடியவில்லை.

தேன்பாறையில் குட்டிகள் இப்போது நன்றாக வளர்கின்றன. பூதலிங்கம் தினமும் காலையில் குச்சியோடும் கத்தியோடும் பொன்னுத்தாயியோடும் மலையேறி வருகிறார். ஒரு நாள் சவரம் தவறினாலும் கரடி உள்ளூர்க்காரராகிவிடும் ஆபத்து இருக்கிறது.

நீதி: உங்கள் உண்மையான முகத்தைத் தயங்காமல் காட்டுங்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. காரியம் சீக்கிரம் முடியும்.