ஸ்டிக்கர் அண்ணன் பாஸ் செய்த இரண்டு பனியன்கள்

கடவுள் படைத்ததில் ஒன்றைக்கூட ஸ்டிக்கர் அண்ணன் முதல் பார்வையில் பாஸ் செய்ததில்லை.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே நான் மெர்ச்சண்டைசர். அதாவது பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தையல் செக்‌ஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள். அண்ணன் அங்கே செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வந்த பனியனில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வேலை சாயங்காலம் முடிந்துவிடும். ஸ்டிக்கர் முடியாது. டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாஸில் ஒட்டுவார். பல்லடம் பஸ்ஸில் கிழிந்த சீட்டில் ஒட்டுவார். முதலாளி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வரிசையில் பொறுமையாக நின்று, மேடையேறி, வாழ்த்தி, ஒட்டிவிட்டு இறங்கினார். ஆல்பத்தில் பாதிப் படங்களில் மாப்பிள்ளையின் கழுத்தை ஓர் அம்பு குறி பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்கண்ணா, கல்யாணத்துலயுமா?" என்று கேட்டேன்.

"கண்ணுல பட்டுருச்சே அம்மிணி. அப்பறம் சும்மா வந்தாச் சோறு எறங்குமா?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

தையல் செக்‌ஷனில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். பாட்டு போடும் கம்ப்யூட்டர் அண்ணன் மேஜையில் இருந்தது. ஆயிரக்கணக்கில் பாட்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதி வைத்திருந்தார். பாடியவர் பெயர் வர வேண்டிய கட்டத்தில் மட்டும் பாடியவர் இருக்க மாட்டார். அந்தப் பாட்டு யாருக்கு உயிரோ அவர் இருப்பார். அயர்னிங் துரை. கட்டிங் பழனிச்சாமி. பீகார் பையன் ராம்பாபு.

"பாடுனவரு பாடிப்போட்டு அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு. நாள் பூரா இங்க கேட்டுட்டு உக்காந்திருக்கறது நம்ம சனம். அப்பறம் பேரு ஆருக்கு வரோணும்?" என்பார்.

அந்தப் பெயர்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. யாராவது கம்பெனியை விட்டுப் போனால், கடைசி நாள் சாயங்காலம் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு அவர் பாட்டைப் போடுவார்கள். முதலாளி கொடுக்கும் எவர்சில்வர் குடத்தை வாங்கும்போது யாரும் அழுவதில்லை. பாட்டுக்கு அழுதுவிடுவார்கள்.

காலரில் அம்பு வாங்கிய அதே முதலாளி மகன் ஒருநாள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பழைய பாட்டு புரோகிராம் அதில் ஓடாது என்று புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் ஒரு சின்னப் பென் டிரைவில் பாட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து வந்தார். கொண்டுவந்ததை அழித்துவிட்டு அடுத்த நடை. எல்லாம் பெயர்களோடு பத்திரமாக வந்து சேர்ந்தன. பழைய கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று அவரே எப்போதோ அம்பு ஒட்டியிருந்தார். குறையுள்ள பொருள் எதற்கு என்று பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு அன்றே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் புதுப் புரோகிராம் அவரிடம் ஒன்று கேட்டது. நிறையப் பாட்டுகளில் விவரம் தவறாக இருக்கிறது, திருத்தட்டுமா?

வேறு யாராவது என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். தானாகவே குறை கண்டுபிடித்து, திருத்தவும் முன்வருகிற ஒன்றை அண்ணன் வாழ்க்கையில் அப்போதுதான் சந்திக்கிறார். சரி என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அது இன்டர்நெட்டில் தேடி, எல்லாக் கட்டங்களிலும் உண்மையில் பாடியவர்களின் பெயரை எழுதி முடித்திருந்தது. துரை இல்லை. பழனிச்சாமி இல்லை. ராம்பாபு மட்டும் இருந்தான். அவன் பாட்டு அவன் ஊர்த் திருவிழாவில் யாரோ செல்போனில் பிடித்தது. உலகத்துக்குத் தெரியாத பாட்டு என்பதால் பிழைத்துக்கொண்டது.

"எல்லாஞ் சரியா இருக்குது அம்மிணி. ஒரு குறை கெடையாது," என்றார் அண்ணன். அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததும் நான் எழுந்து கம்ப்யூட்டரைப் பார்க்க ஓடினேன்.

மற்றவர்கள் பாட்டைப் பையக் கேட்டுச் சேர்த்துவிடலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை பேச்சியம்மா அக்கா போகிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் கம்பெனியிலேயே தலை நரைத்த ஓவர்லாக் மெஷின் டெய்லர். அவர் தைத்த பனியன் ஒன்றுகூட ஸ்டிக்கரோடு திரும்பியதில்லை. கண் மங்கிவிட்டது என்று மகள் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"அக்கா பாட்டு எதுன்னு ஞாபகம் இல்லீங்களா?"

"பேரைத் தட்டுனாப் பாட்டு வந்துரும். பாட்டை ஆரு ஞாபகம் வெச்சா?"

"அவங்ககிட்டயே கேட்டுரலாமுங்க."

"இத்தன வருசம் ஒழச்சவங்ககிட்டப் போயி, உங்க பேர அழிச்சுப்போட்டேன், பாட்டு எதுன்னு சொல்லீட்டுப் போங்கன்னு கேக்கறதா? என்ற வாயால கேக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை ஒரு ஸ்டூலைத் தூக்கிப்போய் அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாட்டுகளை முதலிலிருந்து ஓடவிட்டார். தன் பாட்டு வந்தால் முகம் மாறும், அதைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வரும் என்று, அக்கா தைத்துப் போடும் பனியன்களை அங்கேயே செக் செய்தார். "மொகத்துல ஒண்ணுந் தெரிய மாட்டீங்குது அம்மிணி," என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து முறையிடுவார். நாளுக்கு நாள் ஆள் வாடிப்போனார். புதன்கிழமை டீக்கடையில் உடைந்த கிளாஸில் டீ வந்தது. ஒட்டாமல் குடித்துவிட்டு வந்தார். அன்று நான் பயந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பனியனைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்துவிட்டார். தோள் தையல் ஓரிடத்தில் லேசாகக் கோணியிருந்தது. கை தானாக ஸ்டிக்கருக்குப் போய், பாதியில் நின்றது. தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார். ஏதோ ஒரு பழைய பாட்டு, இரண்டாவது சரணம்.

வெள்ளிக்கிழமை அதே பாட்டை மறுபடி போட்டார். அதே சரணத்தில் அதே கோணல்.

"அம்மிணி, இங்க பாரு!" நகைக்கடையில் வளையல் காட்டுவதுபோல் இரண்டு பனியன்களையும் என் மேஜையில் விரித்தார். "கோணல் எவ்வளவு அழகா இருக்குது பாரு!"

இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அவரே மடித்து, கவரில் போட்டு, ஏற்றுமதிப் பெட்டியில் வைத்தார். பையர் பார்த்துவிட்டால் என் தலைதான் உருளும். ஆனாலும் அந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டியது நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மெஷின்கள் நின்றன. அக்காவின் பாட்டு ஓடியது. மற்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, ஒயர் எதையோ வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

கேட் வரை குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன்.

"பேரு அழிஞ்சது ராம்பாபு அன்னைக்கே சொல்லிட்டான்," என்றார் அக்கா.

"தெரியுமாக்கா? அப்ப அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"எப்படிச் சொல்ல? சொன்னா அந்த மனுசன் கூசிப் போவாருல்லா. வியாழக்கெழம பாட்டு வந்ததும் அவரப் பாத்துச் சிரிச்சேன். அவரு பனியன வெளிச்சத்துல தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு. வேற என்ன செய்ய? ரெண்டு நாளும் தையலக் கொஞ்சம் கோணலா இழுத்து விட்டேன். குறைன்னாத்தான அவரு கண்ணுல படும்? அவருகிட்டச் சொல்லிராத, என்ன?"

நான் சொல்லவில்லை.

கடல் தாண்டி யாரோ ஒருவர் அந்தக் கோணல் தையலைத் தோளில் போட்டுக்கொண்டு நடமாடுவார். இன்றுவரை புகார் வரவில்லை. நான் அந்தக் கம்பெனியை விட்டும் வந்துவிட்டேன். இனிமேல் வந்தாலும் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். அது அண்ணன் பார்த்துப் பாஸ் செய்த பனியன் என்று நான் பதில் எழுதிக்கொள்கிறேன்.