நடு நாற்காலியும் என் பாஸ்வேர்டும்

பூட்டிக்கொள்ள ஓர் அறை கிடைத்தால் மனிதன் உள்ளே போய் என்னென்ன செய்வான் என்பதற்கு நானே அத்தாட்சி. எனக்கு அப்படி ஒன்று அறுபத்தெட்டாவது வயதில் கிடைத்தது. உள்ளே போய் உறவுக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தேன்.

மாட்டுங்காவில் ஓர் அறையும் சமையலறையுமான வீட்டில் ஏழு பேரில் ஒருவனாக வளர்ந்தவன் நான். கல்யாணமாகி செம்பூருக்கு வந்த பிறகும் எனக்கென்று ஓர் அலமாரித் தட்டுகூடக் கிடையாது. (ஒன்று இருந்தது. அதில் என் மனைவி விசாலம் ஊறுகாய் ஜாடி வைத்திருந்தாள்.) அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் மருமகள் அனுஷா, "அப்பா, கம்ப்யூட்டர்ல நம்ம நாலு பேருக்கும் தனித்தனி லாகின் போட்டிருக்கேன். உங்க பாஸ்வேர்டை யார்ட்டயும் சொல்லிடாதீங்கோ" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. வீட்டுப் படங்கள் முழுவதையும் பொதுவான ஓர் இடத்தில் வைத்திருப்பதாகவும், நான்கு லாகினிலிருந்தும் திறப்பது அதே ஒரு ஆல்பத்தைத்தான் என்றும், ஒருவர் செய்கிற மாற்றம் எல்லோருக்கும் தெரியும் என்றும் பொறுமையாக விளக்கினாள். நான் தலையாட்டினேன். பாஸ்வேர்டுக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தைத் திறந்தால் ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் பெயர் கேட்டு ஒரு கட்டம் வந்தது. ஒரு படத்தில் சொன்னால் போதும். அந்த முகம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கம்ப்யூட்டரே தேடிப்போய்ப் பெயரை ஒட்டிவிடும். (ஆபீஸில் இருந்த காலமெல்லாம் எனக்கு இப்படி ஓர் அஸிஸ்டென்ட் வாய்த்ததில்லை.) முதல் நாள் நல்லபிள்ளையாக நிஜப் பெயர்களைத்தான் எழுதினேன். இரண்டாம் நாள், இது என் பூட்டிய அறைதானே என்று தோன்றியது. "அரை டம்ளர் போதும்" என்று சொல்லியே மூன்று முறை காபி வாங்கிக் குடிக்கும் சம்பந்தி, "அரை டம்ளர்" ஆனார். சம்பந்தி அம்மாள் "விரிவான செய்திகள்". எந்த வேலை சொன்னாலும் தள்ளிப்போடும் மகன் கார்த்திக், "சண்டே பாக்கலாம்". எங்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்ட காரணத்தால் அனுஷா, "பாவம்". விசாலத்தை மட்டும் விசாலம் என்றே விட்டேன். (பூட்டிய அறையிலும் தைரியத்துக்கு ஓர் எல்லை உண்டு.)

மச்சினன் சேதுவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நடு நாற்காலி" என்று எழுதினேன்.

சேது விசாலத்தின் ஒரே தம்பி. மான்குர்தில் வீடு. நானும் அவனும் இருபது வருஷம் ஒரே லோக்கல் ரயிலில் ஆபீஸ் போனவர்கள். எனக்கு முன்பே ஏறுகிறவன் என்பதால், பக்கத்து ஸீட்டில் டிபன் பையை வைத்து, உட்கார வருகிறவர்களிடமெல்லாம் "ஆத்மி ஆ ரஹா ஹை", ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று சண்டை பிடித்து, செம்பூர் வரைக்கும் எனக்கு இடத்தைக் காப்பாற்றுவான். அப்படிப்பட்டவன், கார்த்திக்கின் கல்யாண குரூப் போட்டோவில், பிள்ளையின் அப்பாவான நான் உட்கார வேண்டிய நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் சமையற்கட்டில் மல்லுக்கட்டிவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்து பார்க்கிறேன், என் இடத்தில் இவன். "இது உன் ஆத்துக் கல்யாணமாடா?" என்று மண்டபமே கேட்கும்படி கேட்டேன். எழுந்தான். சாப்பிடாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு நாலு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. விசாலம் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் தம்பிக்கு வழக்கம்போல ஒரு வேஷ்டி வாங்கி, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

அனுஷாவின் சீமந்தத்துக்கு விசாலமே மான்குர்த் போய் அவனைக் கூப்பிட்டாள். திரும்பி வந்து, "வரேன்னுட்டான். ஏன்னா, நீங்க சமாதானம்கூடப் பேச வேண்டாம். வாயைத் தெறக்காம இருந்தாப் போறும்" என்றாள்.

சேது வந்தான். நான் "வா" என்றேன். அவன் "ம்" என்றான். எந்த நிமிஷமும் எழுந்து போகிறவன்போல வாசலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். விசாலம் அவசரமாக உள்ளே போனாள், தட்டில் வேஷ்டிகளை எடுத்து வைக்க.

அந்த நேரம் பார்த்து அனுஷா, தன் பக்கத்து உறவினர்களுக்கு யார் யார் என்று தெரியட்டுமே என்று, கல்யாணப் படங்களைப் பெயர்களோடு டிவியில் ஓடவிட்டாள்.

முதல் படம் சம்பந்தி. கீழே கொட்டை எழுத்தில், "அரை டம்ளர்". அப்போது அவர் கையில் அரை டம்ளர்தான் இருந்தது. டிவியைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தால், திறந்திருந்தது அனுஷாவின் லாகின். என்னுடையது பூட்டியபடியே இருந்தது. பூட்டும் உடையவில்லை, சாவியும் என் தலைக்குள் பத்திரம். சாமான் மட்டும் எப்படி நடுஹாலுக்கு வந்தது? இதற்குள் "விரிவான செய்திகள்" வந்து போய்விட்டது. கார்த்திக், ஏதோ வைரஸ் என்று எல்லோருக்கும் சமாதானம் சொன்னான். எல்லோரும் நம்பவும் நம்பினார்கள். நான் தப்பித்திருக்கலாம்.

"என் பாஸ்வேர்டை யார் திருடினா?" என்றேன்.

ஹாலே என் பக்கம் திரும்பியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று விசாலம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது குரூப் போட்டோ. "நடு நாற்காலி." சேது ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். விசாலம் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நாலு வருஷம் காத்திருந்து கூட்டிவந்த தம்பியை, நாலு நிமிஷத்தில் இரண்டாம் முறையாகத் துரத்திவிட்டேன்.

அனுஷா பதறிப்போய் ரிமோட்டில் எதையோ அமுக்கினாள். நிற்பதற்குப் பதில் அடுத்தடுத்த படங்கள் வந்தன. போட்டோக்காரர் அன்று வரிசையாக எடுத்துத் தள்ளியவை. அச்சடித்த ஆல்பத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றவற்றை நான் பார்த்ததே இல்லை. ஒன்றில் சேது நாற்காலியில் அரைகுறையாக உட்கார்ந்து, உட்கார வந்த என் சித்தப்பாவை ஒரு கையால் தடுத்துக்கொண்டிருந்தான். அடுத்ததில் அதே கையைச் சமையற்கட்டுப் பக்கம் நீட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். இருபது வருஷம், செம்பூர் பிளாட்பாரத்தில் நின்று, ரயில் ஜன்னலில் தினமும் தேடின கை.

"எனக்கு எடம் புடிச்சு வெச்சிருந்தியாடா?" என்றேன்.

"பின்னே? உங்க சித்தப்பா ரெண்டு தடவை உக்காரப் பாத்தார். வந்துண்டிருக்கார், வந்துண்டிருக்கார்னு சொல்லிண்டே இருந்தேன். வந்தேள். கேட்டேளே ஒரு கேள்வி."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல விட்டேளா அத்திம்பேர்?"

விடவில்லை. "தப்பு என்னோடதுதான், சேது" என்றேன். விசாலம் எங்கள் நடுவில் வந்து தட்டை நீட்டினாள். "நாலு இருக்கு. ஊறுகா வாசனை அடிக்கும், தோய்ச்சுக் கட்டிக்கோ" என்றாள். சேது வாங்கிக்கொண்டான். சம்பந்தி டம்ளரை நீட்டி, "இன்னொரு அரை கெடைக்குமா?" என்றார். ஹால் முழுவதும் சிரித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அனுஷா, பொது ஆல்பம் என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். இந்த முறை கேட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவன் என் முகத்துக்கு மட்டும் வைக்கவில்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். சேது கீபோர்டை இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தான்: "வந்துண்டிருக்கார்".

கம்ப்யூட்டர் அதை என் கல்யாணப் படம் வரைக்கும் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. நான்கு லாகினிலும் இன்றைக்கும் நான் அப்படித்தான் இருக்கிறேன். எந்த லாகினிலிருந்து அழித்தாலும் எல்லாவற்றிலும் அழியும் என்று இப்போது எனக்குத் தெரியும். அழிக்கவில்லை.

சம்பந்தி போன் செய்தால் வேறெதுவும் சொல்வதில்லை. "அரை டம்ளர் பேசறேன். வந்துண்டிருக்கார் வந்தாச்சா?"

வந்தாச்சு என்கிறேன்.