எங்கள் தெருவில் கெட்ட காற்று

காரைக்குடி,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மான் அவர்களுக்கு,

சாலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், லேசாக இருமுகிறோம். உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது? சென்னைப் போகிப் புகைக்குத் தப்பி இங்கு வரலாமா, காரைக்குடிக் காற்று எப்படி இருக்கும் என்று என்னை நம்பிக் கேட்டிருந்தீர்கள். மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: வர வேண்டாம். காரணம் நான்தான்.

நீங்கள் அனுப்பிய, காற்றின் தூசியை அளக்கும் மீட்டரை மாடியில் வைத்து, வானிலையும் பார்த்து, மறுநாள் காற்றைக் கணித்துவந்தேன். மார்கழியில் காற்று அசையாவிட்டால் குளிர் தரையோடு படிந்துவிடும். குப்பைப் புகை மேலே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே நிற்கும். இது தெருவுக்கும் தெரியட்டும் என்று பிள்ளையார் கோயில் பலகையில், மார்கழிப் பாட்டுக்குக் கீழே, "நாளை காலை கெட்ட காற்று. குழந்தைகள் வெளியே வர வேண்டாம்" என்று எழுதினேன். எதிர்வீட்டு வீரலட்சுமி ஆச்சி படித்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏத்தா சாலா, எங்கிட்டிருந்து வருதாம்?"

"வடகிழக்கிலிருந்து, ஆச்சி."

"அங்குட்டு ஊருணிக்கரைதானே! நான் அப்பவே சொன்னேன், அந்தப் புளியமரம் சரியில்லைன்னு. வந்துட்டுப் போயிருமா?"

"போகாது ஆச்சி. வேகமில்லை. தரையோடு தங்கிவிடும்."

"தங்கிருமா! ஆத்தாடி!"

அறிவியலில் இவ்வளவு அக்கறையா என்று நான் மகிழ்ந்தேன். விடிந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு சாம்பிராணி, வேப்பிலை, காய்ந்த மிளகாய், யாரோ பழைய துடைப்பத்தையும் சேர்த்து எரிக்கிறார்கள். மீட்டர் சிவந்துவிட்டது. தெருவே இருமிக்கொண்டு, "பாத்தீகளா, பிள்ளை சொன்னது அப்படியே பலிச்சிருச்சு!" என்று என்னைக் கொண்டாடியது. ஆச்சி தம் பேரனைக் கூட்டிவந்து திருநீறு போடச் சொன்னார். நான் புகை, தூசி என்று எவ்வளவோ விளக்கினேன். "ஆமாத்தா, அது புகையாட்டந்தான் வருமாம்" என்று ஆச்சி ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் நல்ல வாடைக்காற்று வீசும் என்று தெரிந்ததால், "நாளை நல்ல காற்று" என்று எழுதினேன். கெட்டது ஓடிவிட்டதாம், நன்றி சொல்லத் தெரு முழுக்கக் கற்பூரம், விறகடுப்பில் பொங்கல், பிள்ளைகளுக்கு மத்தாப்பு! கணிப்பு பொய்த்தது. நான் என்ன எழுதினாலும் புகைகிறது, அம்மான். இந்த நிலையில் உங்களை எப்படி அழைப்பேன்? பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்றுதான் மாடி அறையைத் தூசி தட்டி வைத்திருந்தேன். பரவாயில்லை.

உங்கள் மூச்சு சீராக இருக்கக் குன்றக்குடி முருகனை (கற்பூரம் ஏற்றாமல்) வேண்டிக்கொள்ளும்,
சாலா

பி.கு.: இன்று பலகையில் ஒன்றுமே எழுதவில்லை. யாரும் ஒன்றுமே எரிக்கவில்லை. மீட்டர் பச்சை! உடனே டிக்கெட் போடுங்கள். ஆனால் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பின்தெரு வாசல் வழியாக வாருங்கள். முன்வாசலில் வீரலட்சுமி ஆச்சி பார்த்துவிட்டால், "இளைச்சுப் போய் வந்திருக்கீகளே" என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டுவிடுவார்.