கோடிப் பேருக்குக் கஞ்சி ஊற்றியவன்

மரியாதைக்குரிய அத்தான் பாண்டிதுரை அவர்கள் சமூகத்திற்கு, இராஜபாளையத்திலிருந்து மைத்துனன் வேலுசாமி வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் பொறுப்பில் இருக்கும் பல கோடிப் பேரும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் கோபம் தணிந்து நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மம்சாபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால், நெல் அவிக்கிற களத்துச் சாக்கடையில் இறங்கிக் கறுப்புச் சேற்றை வாளியில் அள்ளிய ஆள் நான்தான். அக்கா "எவம்லே அது?" என்று சத்தம் போட்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடியவனும் நானே. ரிட்டயர்டு ஏட்டையா வீட்டுக் கொல்லையிலேயே கள்ளன் புகுந்துவிட்டான் என்று ஊர் சிரித்ததாமே, மன்னிக்கவும். நின்றிருந்தால் வாளியில் என்ன என்று அக்கா கேட்கும், என்ன சொல்ல?

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த பேண்டேஜ் கம்பெனி வேலையில் முப்பது வருடம் பிளீச்சிங் செக்சனில் நின்று கிருமியைக் கொன்றேன். இந்த வருடம்தான் என்னைப் பின்பக்கத் தொட்டிக்கு மாற்றினார்கள். பேண்டேஜ் துணியை அலசுகிற கஞ்சித் தண்ணீர் அங்கே வரும், அதிலுள்ள கிருமிகள் கஞ்சியைத் தின்னும், தண்ணீர் தெளிந்து வெளியே போகும். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. நான் பார்த்தது, காப்பி நிறத்தில் நுரைத்துக் கிடக்கும் அழுக்குத் தொட்டி. ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று, சுவரையெல்லாம் தேய்த்து, ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை எடுத்து அப்படியே கொட்டிவிட்டேன். காற்றடிக்கும் மோட்டாருக்கு மாலை போட்டு, அணைத்துவிட்டு, நாலு நாள் லீவில் போய்விட்டோம்.

திரும்பி வந்தால் தண்ணீர் தார் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. பிளீச்சிங்கில் நின்றே செத்துப்போன என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தியதைப் பார்த்துத்தான் நாற்றம் என்று புரிந்தது. முதலாளி ராஜரத்தினம் ஓடிவந்தார். "ஏலே வேலுசாமி, முப்பது வருசம் கிருமியக் கொல்லச் சம்பளம் குடுத்தேன். ஒத்த எடத்துல வளக்கச் சொன்னா, அங்கயும் கொன்னுட்டு நிக்கியே! பதினஞ்சு நாள்ல பொல்யூசன் ஆபீசர் டெஸ்ட்டுக்குத் தண்ணி எடுக்க வாரார். சீல் வச்சா நாப்பது பேர் வீட்டுக்குப் போகணும். மொத ஆளு நீதான்."

லேப் பார்க்கும் ஜெயசித்ராதான் வழி சொன்னது. "அண்ணாச்சி, கஞ்சித் தண்ணி வருசக்கணக்கா ஓடுற எடத்துச் சேத்துல, கஞ்சிக்குன்னே பழகுன கிருமி இருக்கும். அள்ளிட்டு வாங்க." எனக்கு உடனே உங்கள் வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வாளியை மோந்து பார்த்து, "என்னண்ணே இது?" என்றார். "கிருமி." "உசுரோடயா?" "அப்படித்தான் வேண்டிக்கிட்டு வாரேன்." "அப்ப சன்னலோரம் உக்காருங்க. அதுகளுக்கும் காத்து வேணும், எங்களுக்கும் வேணும்."

மோட்டாரைப் போட்டு, சேற்றைத் தொட்டியில் கரைத்தேன். முதல் நாள் ரெண்டு வாளி கஞ்சித் தண்ணீர், மறுநாள் நாலு, அப்புறம் எட்டு என்று, புது மாப்பிள்ளைக்குப் பரிமாறுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஊற்றினேன். கறுப்பு வெளுத்துப் பழைய காப்பி நிறம் வந்தது. பன்னிரண்டாம் நாள் ஜெயசித்ரா மைக்ராஸ்கோப்பில் காட்டியது: காம்பு நுனியில் மணி போல ஒரு சீவன் ஆடுகிறது, வாயைச் சுற்றி மீசை! "தொட்டி நல்லா இருந்தாத்தான் இது தலகாட்டும் அண்ணாச்சி" என்றது. நம் வம்சமேதான் அத்தான், மீசையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆபீசர் எடுத்துப்போன தண்ணீர் பாஸ். முதலாளி எல்லார் முன்னாலும் கை கொடுத்தார், பிறகு கையைக் கழுவினார். ஒரு கையால் கோடிக்கணக்கில் கொன்று, அதே கையால் உயிர் கொடுத்தவன் இந்த ஜில்லாவில் வேறு யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரமும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும். சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லவும். அவையெல்லாம் வேறு சாதிக் கிருமி, எனக்கு வருத்தமில்லை.

தங்கள் அன்பு மைத்துனன்,
வேலுசாமி

பி.கு.: ஸ்டோரில் சரக்கு எண்ணும் கனகலட்சுமி இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. பிளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லையாம். பூஜைக்கு வாசலில் போட வாங்கிய கோலப்பொடி மூட்டையைத்தான் காணோமாம். அப்படியானால் அதுகளைக் கொன்றது பவுடர் இல்லை அத்தான், மாலை போட்டு நாலு நாள் நான் அணைத்து வைத்த காற்று மோட்டார்தான்.