மாடிக்குப் பத்துக் கேள்வி

மச்சான் சபரிநாதனுக்கு மாடியை வாடகைக்குக் கொடுக்கவே கூடாது. கொடுக்க மாட்டேன் என்று பெண்டாட்டி பானுவிடம் வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார் வேப்பம்பட்டு லோகநாதன்.

பயம் சும்மா வரவில்லை. பொங்கலுக்கு ரெண்டு நாள் என்று வந்த சபரி சித்திரையில்தான் கிளம்பினான். லோகநாதனின் செருப்பும் கூடவே கிளம்பிவிட்டது. இப்போது காட்டுப்பள்ளியில் வேலையாம். கூட்டாளி அன்புசெல்வனோடு சேர்ந்து மாடி வேண்டுமாம். அன்புசெல்வனுக்கோ ஸ்பீக்கரை அலறவிட்டால்தான் தூக்கமே வரும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற கம்பெனியில் கெட்ட பீஸைக் கழிப்பதுதான் லோகநாதனுக்கு வேலை. அந்த மூளை வீட்டிலும் வேலை செய்தது.

"யாரு வந்தாலும் அதே பத்து கேள்வி. ஏழு மார்க் வாங்கணும். ரெண்டு பேரா கேட்டா ரெண்டு பேரும் பாஸாவணும். ஒருத்தர் புட்டுக்கினா ரெண்டு பேருமே வெளிய. சொந்தம், அசலுன்னு பாக்கக் கூடாது பானு. நாயம்னா நாயம்."

"கரெக்டு," என்றாள் பானு. அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே அவருக்கு உதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சபரி வந்தான். அக்கா சொல்லிக்கொடுத்திருப்பாள் போல, எட்டு மார்க் வாங்கிவிட்டான். போகட்டும், ஸ்பீக்கர்காரன் எப்படியும் கவிழ்வான் என்று லோகநாதன் மனசைத் தேற்றிக்கொண்டார்.

"கூட சேர்ற ஆளு எங்கடா?"

"அன்பு வரல மாமா. அக்காதான் எங்கூட சேந்துக்கினு கேக்குது."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பானு எதிரில் வந்து உட்கார்ந்தாள். லோகநாதன் மார்க் போடும் பேனாவை மூடப் பார்த்தார்.

"ம், கேளு."

"சத்தம் போட்டு அக்கம்பக்கத்த பேஜார் பண்ணுவியா?"

"யாரு, நானா?"

அந்தக் குரலுக்கு மார்க்கைக் குறைக்க அவருக்கென்ன பைத்தியமா?

"பத்து மணிக்கு கேட்டு பூட்டுவியா?"

"போன மாசம் உன்ன வெளிய நிக்க வெச்சி பூட்னது யாரு? முழு மார்க் போடு."

போட்டார். கடைசியில் பத்துக்குப் பத்து.

"ஏம்மே, கீழ நாம இருக்கசொல்ல உனுக்கு எதுக்கு மாடி?"

"பாஸாயிட்டேன், போறேன். மேல காத்து வருது."

"அப்ப நானு?"

பானு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். "ஊடு யாரு பேர்ல கீது?"

"உம் பேர்லதான்." பெருமையாக எழுதிவைத்தவர் அவரேதான்.

"கீழ் போர்ஷன் காலியாவுது. ஆனா தனி ஆம்பளைக்கி நான் ஊடு வுடறதில்ல."