பாதுகாப்பு அலுவலர் அசையாமல் நின்ற கதை

மற்றவர்களுக்குப் புத்திமதி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. அவன் சொன்னதை என்றைக்காவது ஒரு நாள் அவனே செய்ய வேண்டி வரும். எனக்கு அந்த நாள் துணுக்காய்ப் பக்கத்தில், ஒரு வாய்க்கால் கரையில், பட்டப்பகலில், வேலையாட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் வந்தது.

வாய்க்கால் திருத்த வேலை ஒன்றில் எனக்குப் பாதுகாப்பு அலுவலர் வேலை கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வவுனியாவில் பயிற்சி முடித்த கையோடு வந்திருந்தேன். மஞ்சள் தலைக்கவசம், ஒறேஞ்ச் மேலங்கி, கழுத்தில் விசில். (கண்ணாடிக்கு முன்னால் நின்று விசிலைச் சரிபார்த்ததை இங்கே சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டேன்.) காலையில் மண்வெட்டி தூக்குவதற்கு முன் எல்லோரையும் நிழலில் நிறுத்திப் பத்து நிமிடம் பேசுவது என் கடமை. பத்து நிமிடம் என்பது கடதாசியில் மட்டும். நான் வாயைத் திறந்தால் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டுபவர் ஆசனத்தைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டு எழும்பிவிடுவார்.

அன்றைய பேச்சில் முதலாவது விடயம் வெயில். "தாகம் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அடிக்கடி தண்ணி குடிக்கோணும்," என்றேன். சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு பெரிய போத்தல் தண்ணீரை எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தேன். அந்தோனி அண்ணை கைதட்டினார். அவர் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எங்களோடு மண் வெட்ட வருவார். அவர் தட்டிய கைதட்டலில் எனக்கு உற்சாகம் பிறந்து, இன்னொரு போத்தலையும் குடித்துக் காட்டினேன்.

இரண்டாவது விடயம், கண்ணிவெடி உள்ள இடத்தைக் காட்ட நட்டு வைக்கிற சிவப்புத் தடி. "காணியுக்கை சிவப்பு நுனித் தடியைக் கண்டால் என்ன செய்யோணும்?" என்று கேட்டேன்.

"நிக்கோணும். கத்தோணும். அசையக்கூடாது," என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"வேறை ஆராவது உள்ளுக்கை நிண்டால்?"

"நாங்கள் உள்ளுக்கை போகக்கூடாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் ஏறும்போது குடித்த தண்ணீர் தன் வேலையைத் தொடங்கியது. எங்கள் வேலைத்தளத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் வாய்க்கால் வளைவுக்கு அப்பால் போய் ஒதுங்குவார்கள். நானும் அங்கே போயிருக்கலாம். ஆனால் வளைவில் அளவுத்தடியைப் பிடித்தபடி வாசுகி நின்றாள். அளவெடுக்க வருகிற தொழில்நுட்ப உதவியாளர், கிளிநொச்சிப் பிள்ளை. அவள் பார்க்கப் பற்றைக்குள் போவதைவிட உயிரை விடலாம் என்று நினைக்கிற வயது எனக்கு. ஆகவே யாரும் போகாத மற்றப் பக்கம் நடந்து, ஒரு பற்றையைச் சுற்றி, இன்னொன்றைத் தாண்டிக் குதித்து, ஒரு சின்ன வெளிக்குள் போய் நின்றேன். இடுப்புப் பட்டியில் கை வைத்தபடி சும்மா ஒரு தடவை பார்த்தேன். முன்னால் ஒரு சிவப்பு நுனித் தடி. வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் ஒன்று. மெல்லக் கழுத்தைத் திருப்பினால் பின்னாலும் ஒன்று.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தத் தடியைக் கண்டு யாரும் வெறும் தடி என்று நினைப்பதில்லை. கண்ணிவெடியில் காலை இழந்தவர்களோடு பழகி வளர்ந்தவன் நான். உண்மையிலேயே பயந்துபோனேன். வந்த வழியே திரும்புவதென்றால் காலடித் தடம் தெரிய வேண்டும். தரையெல்லாம் யாரோ பரப்பி விட்டது போலச் சருகு கிடந்தது.

விசில் நினைவுக்கு வந்தது. மூன்று தடவை ஊதினால் ஆபத்து என்று பயிற்சியில் படித்தது. ஊதினேன். வாய்க்கால் பக்கம் மண்வெட்டிகளைப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தேநீருக்கு ஆட்களைக் கூப்பிட அதே விசிலை அதே மாதிரி ஊதிப் பழக்கியவனும் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் நிம்மதியாகப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தோனி அண்ணைதான் முதலில் வந்தார், கையில் கோப்பையோடு.

"என்ன தம்பி, ஏன் அதிலையே நிக்கிறியள்?"

"வராதேங்கோ அண்ணை. சிவப்புத் தடி."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். பின்னால் வந்தவர்களும் பற்றை ஓரத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவரும் ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை ஆட்கள் முழுவதுமாகக் கேட்டு நடந்த முதல் நாள் அது. (வேறு ஒரு நாளில் கேட்டிருக்கலாம்.)

"உது சிவபாதத்தாற்றை காணியெல்லோ. அந்தாளைத்தான் கேக்கோணும்," என்றார் அந்தோனி அண்ணை. சிவபாதத்தாரைப் போனில் அழைத்தபோது அவருடைய மனைவி எடுத்தா. மனிசன் போனை வீட்டில் வைத்துவிட்டு உழவு மெசினில் கடைக்குப் போய்விட்டாராம். அவரைக் கூட்டிவர ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார்கள்.

அதுவரை நான் நிற்க வேண்டும். நிற்பது பெரிய விடயமில்லை. உள்ளே இரண்டு போத்தல் தண்ணீர் நின்றதுதான் பிரச்சினை. கண்ணிவெடிப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய், மற்றப் பயம் முன்னுக்கு வந்தது. இத்தனை பேருக்கு முன்னால், ஒறேஞ்ச் மேலங்கியோடு, காற்சட்டையை நனைத்துவிட்டு நாளைக்கு யாருக்குப் புத்தி சொல்வது? போதாக்குறைக்கு வாசுகியும் வந்து சேர்ந்தாள்.

"சேர், முகம் ஏன் உப்பிடிப் போகுது? தலை சுத்துதோ? தண்ணிப் போத்தல் எறியட்டோ?"

"வேண்டாம்," என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எங்களோடு மண் சுமக்கிற செல்வமலர் அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஆளுக்கு ஒதுங்க வேணும் போலை கிடக்கு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. பிறகு என்னைப் பார்த்தா. "நாங்கள் பொம்பிளையள் காலமையிலை இருந்து பின்னேரம்வரைக்கும் உப்பிடித்தான் தம்பி நிக்கிறம். உங்களுக்கு இப்பதானே துவங்கியிருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலைக்கவசம், கையுறை, சப்பாத்து எல்லாம் கேட்டு வாங்கியவனுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே. (அதற்கு மேல் வெட்கப்பட உடம்பு விடவில்லை.)

அப்போது வாசுகி அளவுத்தடியை நிலத்தில் ஊன்றினாள். "எல்லாரும் அங்காலை திரும்பி நில்லுங்கோ," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். அந்தோனி அண்ணை தன் போனில் ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டார். மாதா கோயில் பாட்டு. அவரிடம் வேறு பாட்டு இல்லை. பாதத்தை அசைக்காமல் நின்ற நிலையிலேயே என் பிரச்சினையைத் தீர்க்கத் தொடங்கினேன். பாட்டு முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே அவர் அடுத்த பாட்டைப் போட்டார்.

சிவபாதம் ஐயா உழவு மெசினில் வந்து இறங்கி, தடிகளுக்கு நடுவே விறுவிறு என்று நடந்து வந்தபோது என் உயிர் ஒருமுறை போய் வந்தது.

"கண்ணிவெடி எடுத்தவை வேலை முடிஞ்சு போகேக்கை மிச்சமாக் கிடந்த தடியள். கறையான் அரிக்காது. பயித்தை போட்டனான், கொடி ஏறட்டுமெண்டு நட்டு, சருகும் பரப்பி விட்டனான்," என்றார். பிறகு குனிந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தில் பார்த்தார். இரண்டு இலை விட்ட பயற்றங்கன்று ஒன்று நனைந்து சாய்ந்து கிடந்தது. "உதுக்கு ஆர் தண்ணி விட்டது?"

"சேர்தான்," என்றாள் வாசுகி.

அடுத்த கிழமையே ஒப்பந்தகாரரோடு சண்டை பிடித்துப் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று தகரம் அடித்துக் கழிப்பறை போடுவித்தேன். அதற்குப் பிறகு நான் போன எந்த வேலைத்தளத்திலும் முதலில் எழும்புவது அதுதான். வாசுகியிடம் என் மனதில் உள்ளதைச் சொல்லவும் துணிவு வந்தது. அவளிடம் மறைக்க இனி என்னிடம் என்ன இருக்கிறது?

கல்யாணம் கிளிநொச்சியில். தாலி கட்டும்போது எனக்கு முடிச்சு விழவில்லை. கெட்டிமேளம் அடித்தபடியே இருக்கிறது, ஐயர் என்னைப் பார்க்கிறார், மண்டபமே பார்க்கிறது. முன்வரிசையில் இருந்த அந்தோனி அண்ணை எழும்பினார். செல்வமலர் அக்கா எழும்பினா. வாய்க்கால் வேலையாட்கள் அத்தனை பேரும் எழும்பி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

முடிச்சு விழுந்தது. வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இவையள் ஏன் அங்காலை பாக்கினம் தெரியுமோ?" என்று தொடங்கிவிடுவாள். நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். அங்கே வாசுகி, என் மரியாதையைக் காப்பாற்ற, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.